வதனி வைத்த பத்தியம்

"அந்துவான் அண்ணா, அந்த எண்ணெய் வேலை செய்யுமா, செய்யாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

கேட்டவள் நான் வேலை பார்த்த வலி நிவாரணப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நர்ஸ். பாரிசில் பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் என்னை மடக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஓய்வு பெற்றவன் என்றால் வழியில் நிறுத்தி ஒற்றை வார்த்தை வாங்கிக்கொண்டு போகலாம் என்று நினைப்பு.

"ஒரே வார்த்தை வேணும்னா வீட்டுக்குப் போய் டிவியப் போடு. அங்க எல்லாத்துக்கும் ஒரே வார்த்தைதான்" என்றேன். அவள் சிரித்துவிட்டு, "அப்ப முழுசா எழுதிக் குடுங்க" என்றாள். சரி, மாட்டிக்கொண்டேன். எழுதுகிறேன்.

மருத்துவக் கஞ்சாவைப் பற்றி இந்த நாட்டில் ஆளாளுக்கு ஒரு கருத்து இருக்கிறது. வேறு எந்த மருந்துக்கும் அடங்காத நோயாளிகள் சிலருக்கு மட்டும் பரீட்சார்த்தமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். இனி யாருக்கு, எப்படி, யார் செலவில் என்று இன்னமும் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அந்த வாதம் எல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது பாரிஸ் புறநகர் ஒபர்வில்லியேயில் ஒரு வீடும், அங்கே ஒரு கட்டிலும், ஒரு அடுப்பங்கரையும். அதைச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் நான் யார் என்று சொல்ல வேண்டும். புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக் குடியுரிமையோடு வந்த குடும்பம். வீட்டில் எல்லோரும் தபால், ரயில், பட்டாளம் என்று போனார்கள். நான் நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்தபோது என் மாமா, "ஆம்பளப் புள்ள பீ மூத்திரம் அள்ளவா பாரிசுக்கு வந்தது?" என்று கேட்டார். "ஆமா மாமா, ஒரு நாள் உங்களுக்கும் அள்ளுவேன்" என்றேன். அள்ளினேன். கடைசிக் காலத்தில் என்னைத் தவிர வேறு யாரையும் அவர் கிட்டே விடவில்லை. படித்த காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. அறுவைச் சிகிச்சைப் பிரிவில் கொஞ்ச வருடம், அவசரப் பிரிவில் கொஞ்ச வருடம், அப்புறம் வலிப் பிரிவு. அங்கேதான் டாக்டர் கார்லியேயிடம் மாட்டினேன்.

கார்லியே எங்கள் தலைமை மருத்துவர். ஒல்லியான அம்மா, கழுத்தில் எப்போதும் ஒரு சாயம் போன துணி சுற்றியிருக்கும், செருப்புச் சத்தம் கேட்டாலே நாங்கள் நிமிர்ந்து நிற்போம். அந்த அம்மாவிடம் சில பிடிவாதங்கள் இருந்தன. நோயாளியின் முன்னால் நின்றுகொண்டு பேசமாட்டார். எந்த அறைக்குப் போனாலும் ஒரு குட்டை ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டு, நோயாளியின் கண்ணுக்குக் கீழே தன் கண் வரும்படி உட்காருவார். "வலிக்கிறவன் அண்ணாந்து பார்க்கக் கூடாது" என்பார்.

வலியைப் பத்துக்கு எத்தனை என்று கேட்கும் வழக்கம் எல்லா ஆஸ்பத்திரியிலும் உண்டு. அவரும் கேட்பார், ஆனால் கடைசியில். முதல் கேள்வி எப்போதும் இதுதான்: "நேற்று எதைச் செய்ய முடியாமல் போனது?" சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்பார் ஒருவர். பேரனைத் தூக்க முடியவில்லை என்பார் இன்னொருவர். அடுத்த முறை வரும்போது அந்தப் பொத்தானைப் பற்றித்தான் முதலில் கேட்பார்.

இன்னொன்று, மருந்தை எப்படி எடுக்கிறீர்கள் என்று கேட்டால் போதாது அவருக்கு. "சொல்லாதீர்கள், காட்டுங்கள்" என்பார். மாத்திரையை நோயாளி தன் கையால் எடுத்து, தன் தண்ணீரில் விழுங்கிக் காட்ட வேண்டும்.

என்னோடு அவருக்குப் பெரிய சண்டை மொழிபெயர்ப்பில்தான். தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் பக்கத்துத் தமிழர்கள் வந்தால் நான்தான் நடுவில் நிற்பேன். நோயாளி ஒரு புராணமே சொல்லுவார். நான் அதைக் கேட்டுவிட்டு, "தூக்கம் இல்லையாம்" என்பேன். கார்லியே கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்ப்பார். "அவர் அவ்வளவு நேரம் பேசினார். நீங்கள் எனக்கு ஒரு துண்டு தருகிறீர்கள். முழுவதும், அந்துவான்." தன்னைத் திட்டினால்கூட அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பார். ஒரு தடவை ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர், "உந்த மனுசிக்கு வேற வேலை இல்லையோ?" என்று முணுமுணுத்ததை அப்படியே சொன்னேன். கார்லியே, "இல்லை என்று சொல்லுங்கள்" என்றார்.

இனி தவராசாவிடம் வருகிறேன்.

தவராசா ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல்காரராக இருந்தவர். பாத்திரம் கழுவ நுழைந்து, சாஸ் கிண்டும் அடுப்புவரை போனவர். நாற்பத்தைந்து வயதுக்குள் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். நரம்புகளைச் சுற்றியிருக்கும் உறை சிதைந்துகொண்டே போகிற நோய். அவர் கால்கள் செயலற்றுக் கிடந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவை இறுகும். இரண்டு தொடையும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, விறைத்து, உதறும். உதறும்போது அந்த மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார். மனைவி வதனி இரண்டு கையாலும் பலத்தைப் போட்டுப் பிரித்தால்தான் அவரைக் கழுவித் துடைக்க முடியும். வதனி படுப்பதும் அவர் கட்டிலின் கால்மாட்டில்தான். கால் இழுத்ததும் எழுந்து அமுக்கிப் பிடிக்க வேண்டுமே. நல்ல தூக்கம் என்பதை அந்தப் பெண் பார்த்து வருடக் கணக்காயிற்று.

இருக்கிற மாத்திரைகளை எல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று. ஒன்று அவரை வாந்தி எடுக்க வைத்தது, இன்னொன்று கையையும் சேர்த்துத் துவளவிட்டது. அப்போது பரீட்சார்த்தத் திட்டத்தில் ஆட்களைச் சேர்க்கும் கதவு இன்னும் திறந்திருந்தது. கார்லியே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புது மருந்தைப் பற்றி விளக்கினார். நான் மொழிபெயர்க்க வேண்டும்.

சுற்றி வளைத்துச் சொல்லலாமா என்று ஒரு கணம் எனக்குச் சபலம் தட்டியது. கார்லியே என் முகத்தைப் பார்த்தார். நான் நேராகவே சொன்னேன்: "இது கஞ்சாச் செடியிலேருந்து எடுத்த எண்ணெய்."

வதனி எழுந்தே விட்டார்.

"கஞ்சாவோ? என்ரை வீட்டுக்கையோ? மெத்ரோ வாசலிலை நிண்டு பெடியள் விக்கிற சாமானை என்ரை மனுசனுக்குக் குடுக்கச் சொல்லுறியளோ, அண்ணை? வளந்த பொம்பிளைப் பிள்ளை இருக்கிற வீடு எங்கடை வீடு!"

தவராசா நாற்காலியில் இருந்தபடியே சொன்னார்: "வதனி, இரு. போன முறை நான் டொக்டரிட்டை என்ன கேட்டனான்? இந்தக் காலை ரெண்டையும் வெட்டி விடுங்கோ எண்டு கேட்டனான். அதைவிட இது பரவாயில்லை."

அவர் அப்படிக் கேட்டது உண்மை. போன முறை அதை மொழிபெயர்த்தவனும் நான்தான். வதனி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, வேறு ஒரு குரலில் கேட்கத் தொடங்கினார். இது புகைப்பது இல்லையா? இல்லை. எண்ணெயா? எண்ணெய். துளிக் கணக்கா? ஆமாம், குறைந்த அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுவோம். சாப்பாட்டோடா? சாப்பாட்டோடு.

"எங்கடை அப்பா பரியாரி, அண்ணை" என்றார். பரியாரி என்றால் யாழ்ப்பாணத்தில் நாட்டு வைத்தியர். "அவற்றை அலுமாரியிலை ஒரு தட்டுக்கு மட்டும் பூட்டு. அதுக்கை இந்த இலை இருந்தது எண்டு எனக்குத் தெரியும். லேகியத்துக்குப் போடுறவர். நாங்கள் கிட்டப் போனால் அடி விழும்." பெருமூச்சு விட்டார். "மருந்து எண்டால் மருந்துதானே. நான் வடிவாப் பாத்துக் குடுப்பன் எண்டு டொக்டருக்குச் சொல்லுங்கோ."

சொன்னேன். கார்லியேக்கு மகிழ்ச்சி, எனக்கும் மகிழ்ச்சி. மருந்தை ஒழுங்காகக் கொடுக்க இப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் வேறு என்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் எண்ணெய் வேலை செய்யவில்லை.

ஒவ்வொரு முறையும் கார்லியே அதே கேள்வியைக் கேட்பார். ஒவ்வொரு முறையும் தவராசா அதே பதிலைச் சொல்வார். "நேற்றும் கால் பிரியேல்லை. மனுசிதான் பிரிச்சவ." அளவைக் கூட்டினோம். அடுத்த முறை இன்னும் கூட்டினோம். ஊசி இல்லாத சிரிஞ்சில் எண்ணெயை உறிஞ்சி வாயில் விடுவதை வதனி எங்கள் முன்னால் செய்து காட்டினார். ஒரு துளி பிசகாமல் செய்தார். சாப்பாட்டோடு கொடுக்கிறீர்களா? ஓம். நேரம் தவறாமலா? ஓம். எல்லாம் சரி. ஆனால் மனிதர் மெலிந்துகொண்டே வந்தார். கன்னம் ஒட்டிவிட்டது. நோயின் போக்கு அப்படி என்று நாங்களும் எழுதிக்கொண்டோம்.

இதற்கிடையில் திட்டத்தின் கதவு மூடிவிட்டது. உள்ளே இருப்பவர்கள் தொடரலாம், புதிதாக யாரும் வர முடியாது. வெளியே போனவர் திரும்ப வரவும் முடியாது.

அப்போதுதான் வில்லியே லே பெல்லில் அந்தச் சாமத்திய வீடு வந்தது. வதனியின் அண்ணன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. பெரிய மண்டபம், ஊரே கூடியிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தவராசா நாற்காலியிலேயே சரிந்துவிட்டார். எழுப்பினால் கண் திறக்கவில்லை. திறந்தபோது பேச்சுக் குழறியது, மண்டபம் சுற்றுகிறது என்றார். ஆம்புலன்ஸ் வந்தது. அத்தனை பேர் முன்னால், உதவிக்கு வந்தவர்கள் என்ன மருந்து எடுக்கிறார் என்று கேட்க, மகள் பிரெஞ்சில் பளிச்சென்று பதில் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு லா ஷப்பேலில் மரக்கறி வாங்கப் போன இடமெல்லாம் அதே பேச்சுத்தான்.

"தவராசா கஞ்சா அடிச்சு விழுந்தாராம் எண்டு கதைக்கினம், அண்ணை. எனக்குக் கடைத்தெருவுக்குப் போக முகமில்லை" என்று வதனி போனில் அழுதார்.

அதன் பிறகு நடந்த சந்திப்பில் கார்லியே ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். "இத்தனை காலம் ஒன்றுமே செய்யாத மருந்து, ஒரு நாள் ஆளையே சாய்த்திருக்கிறது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. புரியாத மருந்தை நான் கொடுக்க மாட்டேன். குறைத்து, நிறுத்திவிடுவோம்."

நான் மொழிபெயர்த்தேன். தவராசா தலையை ஆட்டினார். "சரி, அண்ணை. அவ சொன்னால் சரி" என்றார். அவ்வளவுதான். ஒரு மனிதன் இனித் தனக்கு ஒன்றுமே இல்லை என்பதை இவ்வளவு மரியாதையாக ஏற்றுக்கொள்வதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. வதனி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போன பிறகு நடைவழியில் கார்லியேயை மறித்தேன். மறித்தேன் என்பது சரியான சொல்தான், காப்பி வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் நின்றுகொண்டேன்.

"நிறுத்தினா திரும்ப உள்ள வர முடியாது, டாக்டர்."

"தெரியும்."

"நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க, சொல்லாதே, காட்டுன்னு?"

"அவர்கள் காட்டினார்கள், அந்துவான். நீங்களும் பார்த்தீர்கள்."

"இங்க காட்டினாங்க. ஆஸ்பத்திரியில எல்லாருமே நல்ல பிள்ளைங்கதான். வீட்டுல பாக்கல நாம."

கார்லியே குறிப்பேட்டைப் புரட்டினார். எங்கள் பிரிவிலிருந்து வீடுகளுக்குப் போகும் முறை உண்டு, ஆனால் தலைமை மருத்துவர் போவது வழக்கமில்லை. "வியாழக்கிழமை மத்தியானம்" என்றார். "நானும் வருகிறேன். முதலில் இந்த வண்டியை நகர்த்துங்கள்."

வியாழக்கிழமை போனோம். மருந்து கொடுக்கும் வேளைக்குச் சரியாகப் போய் நின்றோம். லிஃப்ட் வேலை செய்யவில்லை. கார்லியே கழுத்துத் துணியால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஏறினார். கதவைத் திறந்த வதனி திகைத்துப்போய், "இஞ்சை வாங்கோ, வாங்கோ, இருங்கோ" என்று நாற்காலிகளை இழுத்தார். வீடு முழுக்கத் தேங்காய்ப்பால் கொதிக்கும் வாசனை. வெங்காயமும் பெருஞ்சீரகமும் வதங்கியிருந்தன. எனக்குப் பசித்துவிட்டது.

"எல்லா நாளும் போல செய்யுங்க. நாங்க இல்லைன்னு நினைச்சுக்குங்க" என்றேன்.

தட்டு வந்தது. குழைந்த சோறு, மிளகு தட்டிப் போட்ட தண்ணீர் ரசம், உப்பில் அவித்த புடலங்காய். வேறு ஒன்றும் இல்லை. வதனி எண்ணெயை அளந்து அவர் வாயில் விட்டார். தவராசா அந்தச் சோற்றைப் பிசைந்து, கடமைக்குத் தின்றார். ஒரு காலத்தில் வெண்ணெயில் சாஸ் கிண்டிய மனிதர் அவர்.

கார்லியே மூக்கை உறிஞ்சினார். "அடுப்பில் வேறு ஏதோ இருக்கிறதே. நல்ல வாசனை. அது யாருக்கு?"

"மகளுக்கும் எனக்கும்" என்றார் வதனி. "கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு. தேங்காய்ப்பால் சொதி."

"அவருக்கு ஏன் இல்லை?"

வதனி என்னைப் பார்த்தார். இதுகூடத் தெரியாதா இந்த அம்மாவுக்கு என்ற பார்வை அது. அப்போதுதான் நான் அந்தத் தட்டை மறுபடி பார்த்தேன்.

"பத்தியமாம்மா?" என்று கேட்டேன்.

"ஓம், அண்ணை. பின்னை? எண்ணெய் மருந்து குடுக்கேக்கை பத்தியம் இல்லாமலோ? எண்ணெய் இல்லை, தேங்காய் இல்லை, பால், நெய், மீன், இறைச்சி ஒண்டும் இல்லை. தொடங்கின நாளிலை இருந்து ஒரு நாள்கூடப் பிசகேல்லை. எங்கடை அப்பா வேலியாலை எட்டிப் பாத்துப் பிடிப்பார், பத்தியம் முறிக்கிற ஆக்களை."

மாதாவே! பத்தியத்தைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது? எல்லாவற்றையும் விரித்துச் சொன்னேன். மருந்து உடம்பில் சண்டை போடாமல் இருக்கச் சாப்பாட்டைக் கட்டுப்படுத்துவது எங்கள் ஊர்களில் மருந்தின் பாதி என்றேன். யாரும் யாருக்கும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, மருந்து என்றாலே கூடவே வருவது என்றேன். அவருடைய அப்பா வைத்தியர் என்பதையும் சொன்னேன். நான் முடித்ததும் கார்லியே ஒன்று மட்டும் கேட்டார்.

"கொழுப்பு என்று எதுவுமே இல்லையா? ஒரு சொட்டுக்கூட?"

"ஒரு சொட்டும் இல்லை."

அவர் இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். இந்த எண்ணெய் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்புக்குள் நன்றாகப் போகும் என்றார். வெறும் சோற்றோடு கொடுத்தால் பெரும்பகுதி வீணாகும். நாங்கள் அளவைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்ததெல்லாம் சும்மா வந்து சும்மா போயிருக்கிறது. பிறகு சட்டென்று நிமிர்ந்து தவராசாவைப் பார்த்தார்.

"அந்த விழாவில் என்ன சாப்பிட்டீர்கள்?"

தவராசா மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தார். வகுப்பில் பிடிபட்டவர் மாதிரி முழித்தார் மனிதர்.

"மச்சான் கொண்டுவந்து வைச்சவர்... ஆட்டிறைச்சிக் கறி. பொரியல். நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. திரும்பத் திரும்பப் போட்டவர். கடைசியிலை பாயாசமும்."

"எனக்கு அண்டைக்கே தெரியும், அண்ணை" என்றார் வதனி. "பத்தியம் முறிஞ்சதாலைதான் மருந்து அவருக்கே எதிராத் திரும்பினது. இவருக்குப் பேச்சு விழும் எண்டு உங்களிட்டைச் சொல்லேல்லை. அதுக்குப் பிறகு இன்னும் இறுக்கமாப் பிடிச்சுக்கொண்டனான்."

மொழிபெயர்த்தேன். கார்லியே சத்தமாகச் சிரித்துவிட்டார். "வதனி பார்த்தது சரி! சாப்பாடுதான் காரணம் என்று இவர் கண்டுபிடித்திருக்கிறார். நான் கண்டுபிடிக்கவில்லை. அளவைக் கூட்டிவைத்தேன், அன்றைக்குத்தான் அது முழுவதும் உள்ளே போயிருக்கிறது." பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, தன் தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்துக்கொண்டார். "சாப்பாட்டோடு என்றோம். என்ன சாப்பாடு என்று யாரும் கேட்கவில்லை."

நான் இதையும் சொன்னேன். முழுவதும் சொல்ல வேண்டும் என்பது சட்டமாயிற்றே. ஆனால் வதனிக்கு அதில் ஒன்றுதான் காதில் விழுந்தது. கையில் இருந்த சிரிஞ்சைப் பார்த்தார்.

"அப்ப நான்தானோ, அண்ணை? இவ்வளவு காலமும் மருந்தை நான்தானோ தடுத்துக்கொண்டு இருந்தனான்? அவர் பசியிலை இருக்க, நானும் மகளும் பக்கத்திலை இருந்து சொதி ஊத்திச் சாப்பிட்டனாங்கள்..."

அப்படியே அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். தவராசா, "வதனி, வதனி" என்று கூப்பிட்டுக்கொண்டே சக்கரத்தைத் தள்ளப் பார்த்தார், மேசைக்கால் தடுத்தது. அந்த வீட்டில் குட்டை ஸ்டூல் இல்லை. கார்லியே சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தன் நல்ல பாவாடையோடு தரையிலேயே உட்கார்ந்தார். வதனியின் கண்ணுக்குக் கீழே தன் கண் வரும்படி இன்னும் குனிந்தார்.

"உங்கள் அப்பா சொன்னது சரி. மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் தொடர்பு உண்டு. இந்த மருந்துக்குப் பத்தியம் தலைகீழ், அவ்வளவுதான். பத்தியத்தை விடச் சொல்லவில்லை. மாற்றச் சொல்கிறேன். அளவை மறுபடி மிகக் கீழே இருந்து தொடங்குவோம். ஒவ்வொரு வேளையும் மருந்தோடு அதே அளவு கொழுப்பு, கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒரு நாள் விருந்து, ஒரு நாள் பட்டினி என்றால் இவர் மறுபடி விழுவார். இவ்வளவு கண்டிப்பாகப் பிடிக்க யாரால் முடியும்?"

வதனி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "என்னாலை ஏலும்" என்றார்.

கார்லியே மருந்துச் சீட்டை எடுத்து, அளவுகளுக்குக் கீழே தேங்காய்ப்பால் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த நாள் மருந்துக் கடையிலிருந்து என்னைக் கூப்பிட்டு, இது என்ன விளையாட்டா என்று கேட்டார்கள். "விளையாட்டு இல்ல, டாக்டர் உத்தரவு. தேங்காய்ப்பால் உங்ககிட்ட கிடைக்காது, லா ஷப்பேல்ல கிடைக்கும்" என்று சொல்லி வைத்தேன்.

ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் சுலபமாக விடவில்லை. ஆம்புலன்ஸில் போன நோயாளிக்கு மறுபடி அதே மருந்தா என்று ஒருவர் கேட்டார். கார்லியே கதையை முழுவதும் சொன்னார். தன்னுடைய தவறு என்று தொடங்கித்தான் சொன்னார். அடுத்த மதிப்பீட்டுச் சந்திப்புவரை தொடரலாம், அதற்குள் பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிட வேண்டும் என்று முடிவாயிற்று. ஆக, ஒரே ஒரு வாய்ப்புத்தான்.

அந்தக் காலம் முழுவதும் நான் விடவில்லை. வாராவாரம் போன் செய்தேன். தலை சுற்றுகிறதா, தூக்கம் அதிகமா, யாராவது விருந்துக்குக் கூப்பிட்டார்களா என்று குடைந்தேன். "அண்ணை, நீங்கள் எங்கடை அப்பாவைவிட மோசம்" என்றார் வதனி. சொதியை அவர் கரண்டியால் அளந்தார். மச்சான் வீட்டுப் பிறந்தநாளுக்குத் தன் சட்டியோடு போனார். யாராவது தவராசாவின் தட்டில் கறி வைத்தால், "வைக்காதேங்கோ, பத்தியம்" என்பார். அதைக் கேட்டுச் சனம் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டது. கஞ்சா என்று பேசிய வாய்கள் பத்தியம் என்றதும் அடங்கிவிட்டன.

கேட்டாயே தங்கச்சி, வேலை செய்யுமா செய்யாதா என்று. அது அற்புத மருந்து இல்லை. தவராசா எழுந்து நடக்கவில்லை, நடக்கப் போவதும் இல்லை. நோய் அதன் பாட்டுக்கு முன்னேறும். எல்லோருக்கும் பலன் தரும் என்று எவனாவது சொன்னால் அவனை நம்பாதே. வெறும் போதை என்று எவனாவது சொன்னால் அவனிடம் அந்தத் தொடைகளைப் பிரித்துப் பார்க்கச் சொல். எந்த மருந்தையும் வேலை செய்யவில்லை என்று எழுதுவதற்கு முன்னால், அது வேலை செய்ய வேண்டிய வீட்டுக்கு ஒரு தடவை போய், அடுப்பில் என்ன இருக்கிறது என்று பார். நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான். அந்த மதிப்பீட்டு நாளில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

புதன்கிழமை. தவராசா நாற்காலியில் வந்தார். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. கார்லியே ஸ்டூலை இழுத்துப் போட்டு, நேற்று எதைச் செய்ய முடியாமல் போனது என்று கேட்டார்.

"நடக்க ஏலேல்லை. நிக்க ஏலேல்லை" என்றார் தவராசா. பிறகு, "சமைக்க ஏலேல்லை. அது காலாலை இல்லை, மனுசி விடேல்லை" என்றார்.

கார்லியே சிரித்தார். ஆனால் பேனாவை எடுக்கவில்லை. ஸ்டூலை மெல்ல நகர்த்தி, வதனியின் முன்னால் கொண்டுபோய்ப் போட்டார். இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை நோயாளியைத் தவிர வேறு யாரிடமும் அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

"மதாம், உங்களுக்கு? நேற்று எதைச் செய்ய முடியாமல் போனது?"

நான் சொன்னதும் வதனி திகைத்தார். யாரோ பின்னால் நிற்பவரைக் கேட்கிறார்கள் என்பதுபோலத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"நேற்றுச் செவ்வாய்க்கிழமை. பூசைக்குக் கோயிலுக்குப் போக ஏலாமல் போச்சு, அண்ணை. நான் செவ்வாய் தவறவிடுறதில்லை. இவருக்குச் சாப்பாடும் மருந்தும் குடுத்துட்டு, சீலையும் உடுத்துப்போட்டு, மகள் வருமட்டும் கால்மாட்டிலை சும்மா இருந்தனான். இவர் நித்திரை. இப்ப இழுக்கும், இப்ப இழுக்கும் எண்டு காலைப் பாத்துக்கொண்டே இருந்தனான். இழுக்கேல்லை." கணவரின் காலைப் பார்த்தார். "நானும் நித்திரையாப் போனன். மகள் வந்து எழுப்பேக்கை பூசை முடிஞ்சு கோயில் பூட்டிப்போட்டினம்."

நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். "தூங்கிவிட்டாராம்" என்று மட்டும் ஒரு துண்டு வந்தது.

கார்லியே கண்ணாடியைக் கழற்றினார்.

"முழுவதும், அந்துவான்."

முழுவதும் சொன்னேன்.